சாய்சதுரத் துண்டு

கம்பெனிக்காரர் பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார். இப்போது மணி பன்னிரண்டரை. அண்ணியும் நாத்தனாரும் அலுவலக அறைக்கு வெளியே இரும்பு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணியின் மடியில் ஒரு பிளாஸ்டிக் பை, பைக்குள் மடித்து வைத்த ஒரு கறுப்பு உடற்பயிற்சி பேன்ட். தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் முப்பது மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"மூணாவது வரிசையில ஒரு மெஷின் நூலைப் பிடிச்சு இழுக்குது," என்றாள் அண்ணி. "சத்தத்தைக் கேளு. யாராவது கொஞ்சம் தளர்த்தி விட்டா தேவலாம்."

"ஊர்க் கவலையெல்லாம் உங்களுக்கு எதுக்கு அண்ணி? வந்த வேலையைப் பாருங்க."

"வந்த வேலைதான் உள்ள உட்காந்து போன் பேசிட்டிருக்கே."

அண்ணி பதினோரு வருஷமாகப் பெரிய தையல் ஆலை ஒன்றில் ஃப்ளாட்லாக் மெஷினில் உட்கார்ந்தவள். தையல் மேடு தட்டாமல், தோலில் உரசாமல் படிய வைக்கிற மெஷின் அது. நாத்தனார் பெண்கள் ஜிம்மில் பயிற்சி சொல்லிக் கொடுப்பவள். இருவரும் சேர்ந்து ஒரு காரியத்தில் இறங்கினால் அது தன்னை எதிர்த்துத்தான் இருக்கும் என்று அண்ணியின் புருஷன் நம்பிக்கொண்டிருந்தான். பேன்ட் தைக்கத்தான் என்று தெரிந்ததும் அவனுக்கு உயிர் வந்தது.

எல்லாம் ஜிம்மில் ஆரம்பித்தது. வருகிற பெண்கள் பாதி நேரம் உடற்பயிற்சி செய்தார்கள், மீதி நேரம் பேன்ட்டை மேலே இழுத்து விட்டார்கள். குனிந்தால் பின்பக்கம் இறங்கியது. குந்தி உட்கார்ந்தால் கவட்டில் பிரிந்தது. ஒருத்தி அழுதுகொண்டே வீட்டுக்குப் போய் அப்புறம் வரவே இல்லை. "உடம்புல ஒண்ணும் தப்பில்ல, வெட்டினவன் கையிலதான் தப்பு," என்றாள் அண்ணி. ஒரு வருஷம் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஜிம்முக்குப் போய் நாற்பத்திரண்டு பெண்களுக்கு அளவெடுத்தாள். பழைய செய்தித்தாளில் வெட்டி வெட்டிப் பார்த்தாள். ஏழாவது பேன்ட்டில் பின் இடுப்பை இரண்டு விரற்கடை உயர்த்தி, கவட்டில் சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்தாள். துணியின் இழுவை குறுக்கே வருகிற மாதிரி, கால்களைச் சேர்ப்பதற்கு முன்பே அந்தத் துண்டைப் பிடித்துவிட வேண்டும். அதில்தான் சூட்சுமம். ஜிம்மிலேயே பருமனான பெண்மணி அதைப் போட்டுக்கொண்டு ஐம்பது தடவை குந்தி எழுந்துவிட்டு, "இது எந்தக் கடையிலடி?" என்று கேட்டாள். அன்றைக்கே 'நிமிர்' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

பேர் வைப்பது சுலபமாக இருந்தது. தைத்துக் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. முதலில் போன இடத்தில், மூவாயிரம் பீஸுக்குக் குறைந்தால் கத்தரிக்கோலையே எடுக்க மாட்டோம் என்றார்கள். அடுத்த இடத்தில் நான்கு மாதம் இழுத்தடித்து ஒரு சாம்பிள் கொடுத்தார்கள். அதில் ஒரு கால் கிழக்கே போனது, ஒரு கால் மேற்கே போனது. மூன்றாவதாகத்தான் இந்தக் கம்பெனிக்காரர். சொன்ன சொல் தவறமாட்டார் என்று நாலு பேர் சொன்னார்கள்.

கதவு திறந்தது. "அடடா, வாங்க தங்கச்சி! ரொம்ப நேரமா உக்காந்திருக்கீங்களா?" என்றார் கம்பெனிக்காரர். பேன்ட்டை வாங்கி இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். உள்பக்கம் திருப்பினார். அவர் பேச்சு நின்றுவிட்டது. அது நின்றதை நாத்தனார் கவனித்தாள். அண்ணி அவர் விரல் போகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முந்நூறு பீஸ்தானே, பண்ணிடலாம். முதல்ல எங்க ஆள் ஒண்ணு தச்சுப் பாக்கட்டும்."

அவருடைய சாம்பிள் டெய்லர் கெட்டிக்காரர்தான். ஆனால் கால்களை முதலில் சேர்த்துவிட்டு அப்புறம் துண்டை வைத்தார். மூலையில் துணி சுருங்கி நின்றது. பிரித்து மறுபடி தைத்தார். மறுபடியும் சுருங்கியது.

"டிசைன்லயே ஏதோ கோளாறு போலிருக்கு தங்கச்சி," என்றார் கம்பெனிக்காரர்.

அண்ணி எழுந்தாள். நாத்தனார் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருங்க அண்ணி. ஆர்டரை எழுதி வாங்கிட்டு அப்புறம் சொல்லிக் கொடுக்கலாம்," என்றாள் காதோடு காதாக.

"கண்ணு முன்னாடி ஒருத்தர் கோணலா தச்சிட்டிருக்காரு. எப்படிடி பாத்துட்டு உக்காந்திருக்கறது?"

கையை உதறிக்கொண்டு போய் மெஷினில் உட்கார்ந்தாள். முதலில் துண்டு, பிறகு இடது கால், பிறகு வலது கால். மூலைக்கு வரும்போது ஊசியைத் துணிக்குள் நிறுத்தி, துணியை அழுத்தும் மெஷின் பாதத்தைத் தூக்கி, துணியைத் திருப்பி விட்டாள். டெய்லர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். பதினோரு வருஷத்தில் எந்த சூப்பர்வைசரும் அவளை அப்படிப் பார்த்ததில்லை. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை செய்து காட்டினாள். கம்பெனிக்காரர் பக்கத்தில் நின்று போனில் வீடியோ எடுத்தார்.

"பசங்களுக்குப் போட்டுக் காட்டத்தான்," என்றார். சாம்பிளைப் பிரித்து எடை போட்டால்தான் ரேட் சொல்ல முடியும் என்று அதை வைத்துக்கொண்டார். எல்லா அளவுக்கும் காகிதத்தில் வெட்டி வைத்திருந்த மாதிரிகளையும் கேட்டார். அண்ணி கொடுத்தாள். "முதல் லாட் ஓடுறப்போ ஒரு மாசம் நீங்க கூட நின்னாதான் சரியா வரும். உங்களை மாதிரி கை யாருக்கு இருக்கு?"

ஆலையில் ஒரு மாதம் லீவு கிடையாது. அண்ணி வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

பிறகு துணி வரவில்லை என்றார். துணி வந்தது, சாயம் சரியில்லை என்றார். மெஷின் ரிப்பேர் என்றார். அப்புறம் போனையே எடுக்கவில்லை. "நம்பினவங்களை நட்டாத்துல விடற ஆள் மாதிரி தெரியலையே," என்று அண்ணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூன்றாவது மாதம் ஜிம்முக்குப் புதிதாக வந்த ஒரு பெண் குந்தி உட்கார்ந்தாள். அவள் பேன்ட் இறங்கவில்லை. பிரியவில்லை. நாத்தனார் எண்ணிக்கொண்டிருந்த எண்ணிக்கையைப் பாதியில் விட்டாள்.

அன்று சாயங்காலமே கடையில் அதே பேன்ட் ஒன்றை வாங்கி வந்து அண்ணியின் மடியில் போட்டாள். அண்ணி உள்பக்கம் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தையலை விரலால் தடவிக்கொண்டே போனாள். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"இங்க பாரு. இடது பக்கம் அரை விரல் கூடுதலா விட்டிருந்தேன். அப்புறமா திருத்திக்கலாம்னு இருந்தேன். அதையும் அப்படியே வெட்டியிருக்கான்."

"ஈயடிச்சான் காப்பி!" நாத்தனார் பேன்ட்டைப் பிடுங்கிப் பையில் திணித்தாள். "வாங்க அண்ணி, ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வந்துடலாம்."

கம்பெனிக்காரர் கோபப்படவே இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"தங்கச்சி, பேன்ட்னா ரெண்டு கால், ஒரு இடுப்பு. இதுல உன்னுது என்னுதுன்னு என்ன இருக்கு? எழுத்துல ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"வீடியோ வச்சிருக்கீங்களே, அதுல யாரு தைக்கிறா?" என்றாள் நாத்தனார்.

"வீடியோவா? எந்த வீடியோ?" மேசை மேலிருந்த போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நீயெல்லாம் நல்லா இருப்பியா? வயிறு எரிஞ்சு சொல்றேன்!" என்று கத்தினாள் நாத்தனார்.

அவர் அண்ணியைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "பெரிய ஆர்டர் ஓடுது, லைன்ல ஆள் பத்தல. வேலை வேணும்னா வாங்க. மனசுல எதுவும் வச்சுக்க மாட்டேன்."

பழைய ஆலையில் அவள் மெஷினில் வேறு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர்களைத் திரும்ப எடுக்கிற வழக்கம் இல்லை என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். வேறு நான்கு இடங்களில் ஏறி இறங்கினாள். எங்கும் ஆர்டர் இல்லை. ஆர்டர் இருந்த இடம் ஒன்றுதான்.

சோற்று டப்பாவைப் பையில் வைக்கும்போது நாத்தனார் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "அவன்கிட்டயா போறீங்க? வெக்கமா இல்ல அண்ணி?"

"இருக்குடி. நிறைய இருக்கு. நகரு, நேரமாச்சு."

லைன் சூப்பர்வைசருக்கு அவளைத் தெரியாது. புதிதாக வருகிறவர்களுக்குக் கவட்டுத் தையல் கொடுக்க மாட்டார்களாம். அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும், வீடியோ போட்டுக் காட்டுவார்கள், மூன்று மாதம் ஆகட்டும் என்றான். இடுப்புப் பட்டியின் உள்பக்கம் லேபிள் வைக்கிற மெஷினில் அவளை உட்கார வைத்தான். ஒரு டப்பா நிறைய லேபிள், வெள்ளைத் துணியில் சிவப்பு எழுத்து. கம்பெனிக்காரரின் மகள் பேராம்.

"பட்டிக்கு நடுவுல வரணும். நிறுத்தாம ஓட்டுங்கம்மா. பேசக் கூடாது."

பேன்ட்டுகள் இடது பக்கத்திலிருந்து வந்துகொண்டே இருந்தன, ஒவ்வொன்றிலும் இடது பக்கம் அரை விரல் கூடுதலாக. எடுத்தாள், வைத்தாள், நான்கு ஓரமும் தைத்தாள், வலது பக்கம் போட்டாள். குவியல் மேசை உயரத்துக்கு வந்தபோது கண் மங்கி ஒரு லேபிள் கோணிவிட்டது. நூலிழை அளவுதான். சூப்பர்வைசர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல, விடுங்க, ஓடும்," என்று குவியலில் போட்டுவிட்டு நகர்ந்தான்.

அண்ணி இரண்டு பேன்ட் தைத்தாள். மூன்றாவதை எடுத்த கை நின்றது. குவியலிலிருந்து அந்தப் பேன்ட்டை உருவி, பல்லால் நூலைக் கடித்து லேபிளைப் பிரித்தாள். நகத்தால் நீவி, பட்டியின் நடுவை அளந்து, அந்தப் பேரை நேராக வைத்துத் தைக்கத் தொடங்கினாள்.