மூன்றாவது மாடி ரவுண்ட்ஸ்

ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் இருந்தது. நர்ஸம்மாவுக்கு இப்போதே இருப்புக்கொள்ளவில்லை. அவள் வேலை பார்த்த தனியார் ஆஸ்பத்திரியில் பென்ஷன் என்ற பேச்சே கிடையாது. கடைசி நாளில் ஒரு சுவர்க்கடிகாரம், ஒரு குரூப் போட்டோ, அவ்வளவுதான். அதனால்தான் முப்பது வருடச் சேமிப்பை மொத்தமாகக் கொட்டி, மூன்றாவது மாடியில் ஒரு சின்ன வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டிருந்தாள். பிள்ளைகுட்டி இல்லாதவளுக்கு அந்த வாடகைதான் நாளைக்குச் சோறு.

குடிவந்தவர் பேக்கரியில் இரவெல்லாம் அடுப்படியில் நிற்பவர். பகலில்தான் தூங்குவார். நர்ஸம்மாவோ இரண்டு மணிக்கு டியூட்டி முடிந்ததும் நேரே அங்கே போய் மணியை அடிப்பாள். குழாய் ஒழுகுகிறதா, ஜன்னல் கொக்கி சரியாக விழுகிறதா என்று பார்ப்பாள். குளியலறைச் சுவரில் புறங்கையை வைப்பாள், நெற்றியில் காய்ச்சல் பார்ப்பதுபோல.

"அக்கா, நீ வீடு வாங்கினியா, வார்டு வாங்கினியா?" என்று தங்கை போனில் சிரித்தாள்.

"உனக்கென்னடி, உன் வீட்டுக்காரர் இருக்காரு. எனக்கு அந்தச் சுவர்தான் இருக்கு."

"சுவர் எங்கேயும் போகாது. நீ போய்ப் போய்த் தட்டுறதுல ஆள்தான் ஓடிடுவான்."

மறுநாளே பேக்கரிக்காரர் கதவைப் பாதி திறந்து, சிவந்த கண்ணோடு நின்றார். "சிஸ்டர், உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். கண்ணை மூடி ரெண்டு மணி நேரம்கூட ஆகலை. இப்படியே போச்சுன்னா வேற இடம் பார்த்துக்கறேன்."

கீழ்வீடு ஆள் கிடைக்காமல் ஐந்து மாதமாகப் பூட்டிக் கிடப்பதைப் படியேறும்போதெல்லாம் பார்க்கிறாளே!

"இல்லப்பா, இனிமே வரமாட்டேன்."

"நீங்களா? வரமாட்டீங்களா?"

மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ஊசி போடும்போதுகூடக் குழாய் சொட்டும் சத்தம் காதில் கேட்டது. நாலாம் நாள் கால் தானாக அந்த மாடிக்கு ஏறியது. மணியை அடிக்கக் கை நீட்டியபோதுதான் பார்த்தாள். கதவில் ஓர் அட்டை, நூலில் கட்டிய பேனா. ஆஸ்பத்திரிக் கட்டிலில் தொங்கும் சார்ட் போலவே கட்டம் போட்டிருந்தார்.

குழாய்: நலம். ஜன்னல்: நலம். சுவர்: காய்ச்சல் இல்லை. குடியிருப்பவர்: தூங்குகிறார். வீட்டுக்கார அம்மா: ஓய்வு தேவை. மணி அடித்தால் காலி செய்வேன்.

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து தினமும் வந்து படித்துவிட்டுச் சத்தமில்லாமல் இறங்கினாள். ஒரு வாரம் ஓடியது.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை, 'சுவர்: லேசான ஈரம்' என்றிருந்தது.

எந்த மூலையில்? எவ்வளவு அகலம்? விரல் மணிவரைக்கும் போய்விட்டது. உள்ளே அவருடைய குறட்டை சீராக ஏறி இறங்கியது. தன்னையறியாமல் கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணினாள். நிமிடத்துக்குப் பதினாறு. சரியாகத்தான் இருந்தது. தூங்கட்டும்.

பேனாவை எடுத்து, 'பிளம்பர் ஐந்து மணிக்கு மேல், நீங்கள் எழுந்த பிறகு வருவார்' என்று எழுதி, வார்டில் போடுகிற மாதிரியே நேரம் குறித்துக் கையெழுத்துப் போட்டாள்.

பஸ் வருவதற்குள் அந்த ஜன்னலை நாலு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டாள். பஸ் வந்தது. படியில் ஒரு காலை வைத்தவள், ஈரத்தின் அகலத்துக்கு அட்டையில் தனிக் கட்டம் இல்லையே என்று நினைத்ததும் இறங்கிவிட்டாள்.

செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பூனைபோல மறுபடியும் மாடி ஏறினாள்.