போணி ஆட்டம்

என் மனைவி என்மேல் வைத்திருக்கும் நம்பிக்கையின் விலை ஆயிரம் ரூபாய். முறையாகப் பேரம் பேசி முடித்த விலை. நான் இரண்டாயிரத்தில் ஆரம்பித்தேன், தீபலட்சுமி ஐநூறில் நின்றாள். ரசம் சாதத்தில் தொடங்கிய பேச்சு மோர் சாதத்தில்தான் படிந்தது.

"ஆயிரம். அது தீர்ற வரைக்கும் போக்கர் ஆடுங்க. தீர்ந்துச்சுன்னா போன்லேருந்து அந்த ஆப்ப எடுத்துடணும். எனக்குத் தெரியாம மேல ஒரு பத்து ரூபா போட்டீங்கன்னு வைங்க..."

"போட்டா?"

"அப்பறம் வெண்டக்கா என்னா வெலன்னு நீங்க சொன்னாக்கூட, இன்னொருத்தர்கிட்ட கேட்டுட்டுத்தான் நம்புவேன்."

நெல்லித்தோப்பில் எங்களுடையது எவர்சில்வர் பாத்திரக் கடை. வியாபாரிக்கு அதைவிடப் பெரிய சாபம் கிடையாது. சரி என்றேன்.

ஆன்லைன் போக்கர் என்றதும் பெரிய பணம் என்று நினைத்துவிட வேண்டாம். நான் ஆடியது ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் மேசை. அதிகபட்சம் நூறு ரூபாயோடு உட்காரலாம். சட்டம் வந்து காசு ஆட்டங்களையெல்லாம் மூடியது பிறகுதான். இது அதற்கு முந்திய வருஷம். ஒருநாள் நாற்பத்தாறு ரூபாய் ஜெயித்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் ஆறு பேருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். டீக்கு எழுபத்திரண்டு ரூபாய் ஆனது. ஜெயித்ததுதான் ஜெயித்தது, அதில் கணக்குப் பார்க்கக் கூடாது.

ஆட்டம் எளிது. ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக வரும், நடுவில் ஐந்து சீட்டு பொதுவாக விழும். எதிராளி காசை ஏற்றினால் நாமும் சமமாக வைக்க வேண்டும். இல்லையென்றால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலக வேண்டும். விலகத் தெரிந்தவன்தான் பிழைப்பான். இதில் நான் மோசமில்லை. "பக்கத்துக் கடையில கம்மியா தர்றான்" என்கிற அம்மா உண்மையிலேயே பக்கத்துக் கடைக்குப் போனாரா என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுகிறவன் நான். பொய்க்குக் காசை ஏற்றுகிறவனைக் கண்டுபிடிக்க மாட்டேனா?

ஒரே ஒரு ஆட்டம் தவிர. காலையில் ஆடும் முதல் ஆட்டம்.

எங்கள் கடையில் முதலில் வருகிறவரை வெறுங்கையோடு அனுப்புவதில்லை. நட்டமானாலும் போணி போணிதான். இது தெரிந்தவர்கள் தெரிந்த நேரத்தில் வருவார்கள். மீன் விற்கும் அஞ்சலாட்சிக்குப் பாத்திரம் வேண்டுமென்றால், நான் ஷட்டரைத் தூக்கும்போதே கூடையோடு நிற்பார்.

"இந்தத் தூக்கு எவ்ளோ மொதலாளி?"

"முந்நூத்தி இருவது."

"இருநூறு வச்சிக்க."

"வாங்கின வெலையே இருநூத்தி நாப்பது, அக்கா."

"அப்ப நான் வரட்டா? மொத ஆளு நானு, பாத்துக்க."

தூக்கு இருநூறுக்குப் போய்விடும்.

அதே புத்திதான் போனிலும் ஓடியது. பத்தி கொளுத்திவிட்டு, ஒன்பது மணிக்கு இரண்டு பேர் மேசை ஒன்றைத் திறந்து உட்காருவேன். அந்த முதல் ஆட்டத்தில் நான் சீட்டைக் கவிழ்த்ததே இல்லை. ஒன்றுக்கும் உதவாத இரண்டும் ஏழும் வந்தாலும் சரி, எதிராளி கேட்ட காசை வைப்பேன். வந்தவனைத் திருப்பி அனுப்பினால் அன்றைக்கு விளங்குமா?

இரண்டாவது வாரத்திலிருந்து வேம்பு605 என்ற பெயரில் ஒரு ஆள் தினமும் வர ஆரம்பித்தது. சரியாக ஒன்பது மணிக்கு வரும். ஒரே ஆட்டம், எழுந்து போய்விடும். பெரும்பாலான நாள் தன் சீட்டைப் பார்த்ததும் கவிழ்த்துவிடும். ஆட்டம் தொடங்கக் கட்டாயமாக அது வைத்த ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ எனக்கு மிஞ்சும். சில நாள் நூறு ரூபாயையும் ஒரேயடியாக நடுவில் தள்ளும். நான் விலக மாட்டேன். மூன்றுக்கு இரண்டு தடவை என் நூறு போய்விடும்.

605 என்றால் நம்மூர் பின்கோடின் முதல் மூன்று எண். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு யூரோவில் பென்ஷன் வாங்கும் யாரோ ஒரு சொல்தா பெரியவர், காலையில் காபியை ஆற்றிக்கொண்டே என்னைக் கறக்கிறார் என்று முடிவு கட்டினேன். தீபாவிடமும் சொன்னேன்.

"அந்தக் கெழவன் இன்னைக்கும் நூறு எடுத்துட்டான் தீபா."

"அய்யோ பாவம்" என்றாள். யாரை என்று சொல்லவில்லை.

"மொத ஆட்டத்த வுட்டுட்டு ரெண்டாவதுலேருந்து ஆட வேண்டியதுதான?"

"அப்ப ரெண்டாவதுதான மொத ஆட்டம் ஆயிடும்?"

 அவள் அப்பளம் பொரிக்கப் போய்விட்டாள்.

மற்ற ஆட்டங்களில் வந்ததும் போனதும் சரிக்குச் சரி. வேம்புவிடம் மட்டும்தான் ஒழுகியது. வேம்பு வந்த நூறாவது நாள், என் கணக்கில் நூற்றைந்து ரூபாய் இருந்தது. வேம்பு நூறைத் தள்ளியது. என் கையில் நான்கும் ஒன்பதும். வைத்தேன். போனது.

மிச்சம் ஐந்து ரூபாய். மேசையில் உட்காரவே நாற்பது வேண்டும்.

மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கிப் பத்தி கொளுத்தினேன். மணி எட்டு ஐம்பத்தைந்து. ஆப்பில் ஐநூறு என்று அடித்தேன். இனி நான்கு இலக்க ரகசிய எண்ணை அடித்தால் போதும். தீபாவுக்கு எப்படித் தெரியப்போகிறது? லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கிளார்க் வேலை. இந்நேரம் ஸ்கூட்டரில் பாதி வழியில் இருப்பாள். இரண்டு எண் அடித்துவிட்டேன். மூன்றாவதுக்கு விரல் போகும்போது, ஏனோ வெண்டைக்காய் ஞாபகம் வந்தது. சந்தையிலிருந்து திரும்பி வந்து நான் ஒரு விலை சொல்கிறேன். அவள் தலையாட்டிவிட்டு, பக்கத்து வீட்டில் போய் மெதுவாகக் கேட்கிறாள். அந்தத் தலையாட்டலை நினைத்ததும் விரல் இறங்க மறுத்தது.

போனைக் கல்லாவுக்குள் போட்டு மூடினேன். அன்று போணி ஒரு கரண்டி. நட்டத்தில்தான்.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்பே சொல்லிவிட்டேன்.

"ஆயிரமும் முடிஞ்சிபோச்சு தீபா. அஞ்சு ரூபா நிக்குது. காலையில ஐநூறு போடப் பாத்தேன். ரெண்டு நம்பர் அடிச்சிட்டேன். அப்பறம் வுட்டுட்டேன்."

"தெரியும்."

"என்னா தெரியும்?"

"போடலன்னு தெரியும். நீங்க சொல்ற கணக்குப்படி நேத்தோட ஆயிரம் தீந்திருக்கணும். ஒம்போது மணிக்கு காலேஜ் கேட்டாண்ட வண்டிய நிறுத்திட்டு பத்து நிமிஷம் போனையே பாத்துட்டு நின்னேன். நீங்க மேசைக்கு வரல."

 புரிந்தபோது வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான்: "அந்தக் கெழவன்?"

"கெழவனாம் கெழவன்! கல்யாணமாயி பதினாறு வருஷம் ஆச்சு. எங்கம்மா பேரு ஒரு நாளாவது ஞாபகம் வந்துச்சா ஒங்களுக்கு?"

மாமியாரை நான் அத்தை என்றே கூப்பிட்டுப் பழகியவன். கருவடிக்குப்பத்தில் அவர்கள் வீட்டுக் கதவிலேயே பெயர்ப் பலகை இருக்கிறது. வேம்பு இல்லம். மாதம் இருமுறை அதன் கீழேதான் செருப்பைக் கழற்றுகிறேன்.

"ஏன் தீபா இப்படிப் பண்ண?"

"ஒங்க ஆயிரம் எப்பிடியும் போகப்போவுது. எவனுக்கோ போறதுக்கு நம்ம வூட்டுக்கே வரட்டுமேன்னுதான். மொத ஆட்டத்துல நீங்க எந்திரிக்க மாட்டீங்கன்னு ஊருல எனக்கும் அஞ்சலாட்சிக்கும்தான தெரியும்?"

"இன்னைக்கு நான் காசு போட்டு வந்து ஒக்காந்திருந்தா?"

அவள் தட்டை எடுத்து வைத்தாள். "ஒங்ககிட்ட இந்தக் கதைய சொல்லியிருக்கவே மாட்டேன். அந்தப் பத்து நிமிஷம் எனக்குக் கையெல்லாம் வேர்த்துப் போச்சு, தெரியுமா?" என்றாள்.  நான் ரசத்தை ஊற்றச் சொல்லிக் கிண்ணத்தை நீட்டினேன். வேறென்ன செய்வது?

சாப்பிட்டு முடித்து, கடைச் சீட்டு ஒன்றின் பின்பக்கம் இருவரும் கணக்குப் போட்டோம். வரியை இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் சோறு செரிக்காது. தீபா போட்ட முதல் ஐநூறு பத்திரமாகத் திரும்பிவிட்டது. அதற்கு மேல் வந்ததுதான் கணக்கு.

"முந்நூறு எங்க போச்சு?" என்றேன்.

"ஒவ்வொரு பெரிய ஆட்டத்துக்கும் கம்பெனி பத்து ரூபா புடிச்சிக்கிறான். முப்பது ஆட்டம்."

ஒரே வீட்டில், ஒரே பானைச் சோறு தின்னும் இரண்டு பேர் காசைக் கைமாற்றிக்கொள்ள முந்நூறு ரூபாய் தரகு. எங்கள் வம்சத்தில் இப்படி ஒரு வியாபாரம் நடந்ததில்லை.

"அந்த அஞ்சு ரூபாயும் குடுத்துடுங்க. ரவுண்டா எழுநூறு ஆயிடும்."

ஆப்பிலிருந்து நூறுக்குக் குறைவாக எடுக்க முடியாது என்றேன். கல்லாவிலிருந்து கொடு என்றாள். நாளைக்கு என்றேன். இன்றுவரை தினமும் கேட்கிறாள். நானும் தினமும் நாளைக்கு என்கிறேன். என் பெயரும் அவள் பெயரும் போட்ட அந்தச் சீட்டு இன்னும் கல்லாவுக்குள் இருக்கிறது.

வெற்றிச்செல்வன் விட்டது: 995.
தீபலட்சுமி எடுத்தது: 695.
கம்பெனி தின்றது: 300.
வெற்றிச்செல்வன் தீபலட்சுமிக்குத் தர வேண்டியது: 5.