அண்ணன் போட்ட மொட்டை

திருப்பதிப் பக்கத்தில் மொட்டைத் தலைக்குப் பஞ்சமா? பஸ்ஸில் ஏறினால் பாதித் தலை மழித்த தலைதான், யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் தெரிந்தவர் ஒருவர் மொட்டையோடு வந்து நின்றால் விடமாட்டார்கள். யாருக்கு வேண்டுதல் என்று கேட்டே தீருவார்கள். கேட்பது மரியாதை, சொல்வதும் மரியாதை. ரூபாவின் மானம் போனது இந்த மரியாதையில்தான்.

ரூபா நகரிப் பக்கத்துப் பெண். சித்தூரில் ஒரு மாங்கூழ்க் கம்பெனியின் கபடி அணியில் முதல் ரெய்டர். கம்பெனிகள் புதிது புதிதாக முளைத்து, டிவியில் தங்கள் பேர் வரட்டும் என்று முதலாளிகள் ஆட்டக்காரிகளைத் தேடிப் பிடித்த காலம் அது. பேருக்கு பேக்கிங்கில் ஒரு வேலை. ஆட்டம் இருக்கிறவரைதான் அதுவும். நாலு பேர் காலைப் பிடித்தாலும் இழுத்துக்கொண்டு போய்க் கோட்டைத் தொடுகிறவள் அவள். அப்படிப்பட்டவளுக்கு அந்தக் கோடையில் தூக்கம் போயிற்று. சோறு இறங்கவில்லை. ஆட்டத்துக்கு முன்னால் கக்கூஸ் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள், எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. யாருக்கும் சொல்லாமல் திருப்பதிக்குப் போய் ஒரு மனநல டாக்டரைப் பார்த்தாள். கொஞ்ச நாள் ஆட்டத்தை மறந்துவிட்டு வீட்டில் இரு என்றார் அவர்.

அணியைப் பார்த்துக்கொண்டதும் லீவு கொடுத்ததும் திருவேங்கடம். புத்தூர்க்காரர், தமிழ்க்காரர், அவளுக்கு அண்ணா. அவர் ஒருவரிடம் மட்டும், கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்.

"வெளிய தெரிஞ்சா பைத்தியம்னு பட்டம் கட்டிடுவாங்கண்ணா. டீம்ல வெச்சிக்க மாட்டாங்க."

"முட்டி வலின்னு சொல்லிக்கிறேன்மா. என் வாயிலேர்ந்து ஒரு வார்த்த வராது. நிம்மதியா போய் வா."

நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? ஊருக்குப் போய் மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கினாள். மெல்ல மெல்லப் பசி வந்தது. ஒருநாள் தண்ணீர்க் குடத்தோடு நடக்கும்போது வாய் தானாகக் கபடி கபடி என்றது. சிரிப்பும் வந்தது. மறுநாளே சித்தூர் பஸ் ஏறிவிட்டாள்.

கேட்டில் வாட்ச்மேன் கிருஷ்ணப்பா எழுந்து நின்றார்.

"வாம்மா. மனசு இப்ப தேவலயா?"

ரூபா முட்டியைத் தட்டிக் காட்டினாள். "முட்டிதான் வலி. சரியாப் போச்சு," என்றாள்.

"எங்கிட்ட இன்னாத்துக்கும்மா மறைக்கிற? சாரு உனக்கோசரம் மலைக்குப் போய் மொட்டையே போட்டுக்கினு வந்தாரே."

கேன்டீன் பொன்னியம்மா ஓடிவந்து நெற்றியில் குங்குமம் வைத்தாள். வைத்த கையோடு, மேஜைமேல் கிடந்த காய்கறிக் கத்தியை மெதுவாக எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தாள். ரூபா அதைப் பார்த்துவிட்டாள். அவளுக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

நேரே திருவேங்கடத்தின் அறைக்குப் போனாள். அவர் தலையில் இப்போதுதான் முடி அரும்பியிருந்தது. வைது தீர்க்க வேண்டும் என்றுதான் வந்தாள். ஆனால் எதிரே இருப்பது அவளுக்காக மழித்த தலை. அதை எந்த வாயால் வைவது? நம்பவைத்துக் கழுத்தறுத்தவர் ஊர் கண்ணுக்கு மகானாக உட்கார்ந்திருக்கிறார்.

"ஏண்ணா இப்படிப் பண்ணிட்டீங்க?"

அவர் கண் கலங்கினார். "பெத்த பொண்ணுக்குக்கூட நான் முடி குடுத்ததில்லம்மா."

"வேண்டிக்கினது இருக்கட்டும். கேட்டவங்ககிட்ட முட்டி வலின்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"பெருமாளுக்குக் குடுத்த முடிம்மா. அதுல பொய் சொல்லலாமா?"

"எனக்குக் குடுத்த வாக்கு மட்டும் பொய்யாப் போலாமா?"

திருவேங்கடம் தலையைத் தடவிக்கொண்டார். பிறகு, "முதலாளிக்கும் தெரிஞ்சிபோச்சு. நீ ஆடறத ஒருவாட்டி பாக்கணும்னாரு. சாயங்காலம் எறங்கிக் காட்டு," என்றார்.

சாயங்காலம் முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். திருவேங்கடம் விசிலோடு நின்றார். ரூபா கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு எதிர்ப்பக்கம் இறங்கினாள். கபடி கபடி கபடி. உடம்பு எதையும் மறக்கவில்லை. முதல் பாய்ச்சலிலேயே ஓரத்தில் நின்றவளின் தோளைத் தொட்டாள். இந்நேரம் மல்லிகா அவள் கணுக்காலைக் கவ்வியிருக்க வேண்டும். அணியிலேயே இரும்புப் பிடி மல்லிகாவுடையதுதான்.

மல்லிகா குனிந்தாள், கை நீட்டினாள், சட்டென்று இழுத்துக்கொண்டாள். மற்றவர்களும் பின்வாங்கினார்கள். ரூபா ஒவ்வொருத்தியாகத் தொட்டாள். தொடத் தொட விலகினார்கள், கண்ணாடிச் சாமானுக்கு வழிவிடுகிற மாதிரி.

திரும்பி ஓடியிருக்கலாம். ஓடவில்லை. நடுவில் நின்று, கபடி கபடி என்று பாடிக்கொண்டே மல்லிகாவின் முகத்தைப் பார்த்தாள். பிடிடீ, ஒருத்தியாவது பிடிங்கடீ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. மல்லிகா தலையைக் குனிந்துகொண்டாள். மூச்சு தீர்ந்து பாட்டு நின்றது.

திருவேங்கடம் விசில் ஊதினார். "பலே. பாயிண்ட் எல்லாம் ரூபாவுக்கு."

"மூச்சு விட்டுட்டேண்ணா. நான் அவுட்டு," என்றாள் ரூபா.

"பரவால்லம்மா. உனக்கே வெச்சிக்கோ."

முதலாளி நாற்காலியை விட்டு எழுந்து போய்விட்டார். ரூபா களத்துக்கு வெளியே போய், அவுட்டானவர்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். எழுந்து வா என்று யாரும் கூப்பிடவில்லை.