மச்சு இருக்கும் வரை

"என் கூடத்துல ஒரு குச்சி ஊனக் கூடாது" என்றார் அப்துல் மஜீது.

ஆசாரியான நான் கேட்டது ஒரே ஒரு முட்டுக்கால். லப்பைக்குடிக்காட்டில் அந்தப் பழைய வீட்டு மச்சைத் தாங்கிய உத்திரம் நடுவில் நாலு விரற்கடை தொங்கிவிட்டது. அதன்மேல் கிடந்த சட்டங்கள், சட்டங்கள்மேல் அடித்த பலகைகள், எல்லாமே கூடவே இறங்கியிருந்தன. கீழே ஒரு கால் கொடுத்துத் தூக்கினால் அரை நாள் வேலை. ஆனால் கீழ்வீடு மஜீதுடையது. மேலே இருந்தது அவருடைய இறந்துபோன தம்பியின் மனைவி ஜுலைகா, இரண்டு பெண் பிள்ளைகளோடு.

அந்த ஆள் மறுத்த காரணம் ஊருக்கே தெரியும். எழுபத்து நாலில் ஜமாத்தில் வைத்துப் பாகம் எழுதியபோது, மச்சுத் தளம் இருக்கும் வரை மேல்வீடு ஜுலைகாவுக்கு, தளம் இல்லாமல் போனால் இடம் முழுக்க மஜீதுக்கு என்று எழுதிவிட்டார்கள். தளம் எப்போது விழும் என்று நாலு வருஷமாகக் காத்திருந்தார். விழுந்தால் தன் தலையில்தான் விழும் என்ற யோசனைகூட இல்லாத வன்மம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்தாளு வாசப்படியே மிதிக்காம முடிச்சுக் காட்டுறேம்மா" என்றேன் ஜுலைகாவிடம்.

திருச்சியிலிருந்து ஓர் இரும்பு கர்டர் வரவழைத்து, மேல் அறையில் உத்திரத்துக்கு நேர் மேலே சுவருக்குச் சுவர் போட்டேன். நாலு இடத்தில் பலகையைப் பெயர்த்து, உத்திரத்தை அடியோடு அணைத்துப் பிடிக்கும் இரும்புப் பட்டைகளை மேலிருந்தே மாட்டி, கர்டரில் நட்டு போட்டு முடுக்கினேன். மணிக்கு ஒருமுறை அரைத் திருகுதான். அவசரப்பட்டால் பழைய மரம் பிளந்துவிடும்.

மஜீது கீழே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, தூசிக்குக் குடை பிடித்துக்கொண்டு என்னைக் காவல் காத்தார். திருட்டுத்தனமாக முட்டுக்கால் ஊன்றிவிடுவேனாம்!

"ஏ செல்லப்பா, ஒம் பட்டை என் வூட்டுக்குள்ள எட்டிப் பாக்குது."

"பாக்கட்டும் பாய். அங்க பாக்க என்ன இருக்கு?"

ஒன்பதாம் நாள் மட்டம் பார்க்கும் ட்யூபில் தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நின்றது. உத்திரம் நிமிர்ந்துவிட்டது. அந்தக் குஷியில்தான் மடத்தனம் செய்தேன். வளைந்த பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பி அடிப்பதுதான் முறை. சாயங்காலத்துக்குள் முடித்து அந்த ஆள் முகத்தில் கரி பூச வேண்டும் என்று, மொத்தத்தையும் ஒரே மூச்சில் பெயர்த்துப் படிக்கட்டு ஓரம் அடுக்கினேன். சட்டங்களின் இடுக்கில் குனிந்து பார்த்தால் கீழே நாற்காலி காலியாக இருந்தது.

அரை மணியில் மாடிப்படியில் செருப்புச் சத்தம். ஜமாத் பெரியவர் மதார் பாயையும் இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு, கையில் பாகம் எழுதிய காகிதத்தோடு மஜீது வந்து நின்றார்.

"தளம் எங்க இருக்கு, காட்டுங்க பாப்பம்! ஒரு பலகை உண்டா? எழுதுனபடி எடம் என்னுது. நீங்கதான் சாட்சி."

என் வீம்புக்கு ஒரு பெண்ணின் குடியிருப்பைத் தூக்கிக் கொடுத்துவிட்டேனே! படிக்கட்டு ஓரம் நின்ற ஜுலைகா என்னைப் பார்க்கவில்லை. முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, வெறும் சட்டங்கள்மேல் கால் வைத்து நடந்தார். கீழே பத்தடிப் பள்ளம். நடு அறையில் இரண்டு சட்டங்களுக்குக் குறுக்கே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"மச்சு இல்லேங்கிறாரே மச்சான், அப்ப நான் எது மேல உக்காந்திருக்கேன்? இது விழுந்துபோச்சுன்னா வந்து என்னைய எழுப்பட்டும்."

மஜீது ஒரு காலை எடுத்துச் சட்டத்தில் வைத்தார். கீழே பார்த்தார். காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டார்.

"ஆசாரி, பலகைய எடு" என்றார் மதார் பாய். "நாங்க இருக்கையிலேயே அடி."

சுவர் ஓரத்திலிருந்து தொடங்கி அடித்துக்கொண்டே வந்தேன். மஜீது பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். அந்த அம்மாள் உட்கார்ந்திருந்த இடம் மட்டும்தான் பாக்கி.

"எந்திரிங்கம்மா, இதையும் அடிச்சுடுறேன்."

"மொதல்ல அந்தக் காயிதத்தக் கிழிக்கச் சொல்லுங்க" என்றார் ஜுலைகா. "அப்பறம் எந்திரிக்கிறேன்."

மதார் பாய் திரும்பி மஜீதிடம் கையை நீட்டினார்.