தரை தெரிந்த தண்ணீர்

நீச்சல் குளத்தின் சுவரில் தண்ணீர் திரும்பி வரும் துளைக்குக் கீழே உள்ளங்கையை ஏந்தியபடி அவள் குந்தியிருந்தாள். பிறகு கையை எடுத்து விரல்களைத் தேய்த்துப் பார்த்தாள். ஒரு பொடி மணல்கூட நெருடவில்லை.

முந்தின நாள் முழுக்க வடிகட்டித் தொட்டியைத் திறந்துவைத்து, உள்ளேயிருந்த மணலைக் குவளையால் அள்ளி வாளி வாளியாகக் கொட்டியிருந்தாள். அடியில் விரல்களைப்போலப் பரவியிருந்த குழாய்களில் ஒன்று விரிசல் விட்டிருந்தது. அழுக்கைப் பிடிக்க வேண்டிய மணல் அந்த வழியாகக் குளத்துக்கே போய்க்கொண்டிருந்தது. குழாயை மாற்றி, மணலைக் கழுவிப் போட்டு, மூடியை முடுக்கி மோட்டாரை ஓடவிட்டபோது தோள் கழன்றுவிடும் போலிருந்தது. இப்போது குளத்தின் தரையில் நீலச் சதுரங்கள் தெரிந்தன.

அம்மா பின்வாசலுக்கு வந்தாள். அப்பா தலையணையை உயர்த்தச் சொல்லி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்கிறாராம். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீ ஜன்னலுக்கு நேரா வந்து நிக்காத. அண்ணன் அனுப்பின மெக்கானிக்தான் வேலை பாக்குறார்னு சொல்லிவச்சிருக்கேன்" என்றாள்.

அப்பாவை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நீச்சல் சொல்லிக்கொடுத்தவர். ஓய்வுபெற்றதும் வீட்டுக்குப் பின்னால் இந்தச் சின்னக் குளத்தைக் கட்டினார். மோட்டார் அறைச் சாவியை யார் கையிலும் கொடுத்ததில்லை. கணவனைப் பிரிந்து அவள் வந்த புதிதில், சத்தம் மாறியிருக்கிறதே என்று ஒருநாள் அந்த அறைக்குள் எட்டிப் பார்த்தாள். "குடும்பத்த முடிச்சுட்டு வந்தாச்சு. இன்னும் இந்த மோட்டார் ஒண்ணுதான் பாக்கியா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதனாலேயே அது மறக்கவில்லை.

அவர் படுக்கையில் விழுந்த பிறகு குளம் கலங்கியது. வெளியூரிலிருந்த அண்ணன் போனில், கவலைப்படாதீர்கள், ஆளை அனுப்புகிறேன் என்றான். ஆள் வரவில்லை. அப்பா ஜன்னலைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிவைக்க ஆரம்பித்ததும் அம்மா ஒரு பொய் சொன்னாள், சாவியை எடுத்து மகளிடம் கொடுத்தாள். பொய் அம்மாவுடையது, வேலை இவளுடையது.

ஈரக் கையோடு உள்ளே போனாள். காலையில் வந்த டாக்டர், சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் சொல்லிவிடுங்கள் என்று சொல்லிப் போயிருந்தார். அவளுக்கும் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. இன்று விட்டால் கேட்க ஆள் இருக்காது.

அப்பாவின் முகத்தில் பல நாள் காணாத தெளிவு. தரை தெரிகிறது பார்த்தாயா என்று கேட்டார். அங்கே இருந்துகொண்டே காரியத்தை முடித்துவிட்டான், யார் பிள்ளை என்றார். அம்மா மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெக்கானிக்னு யாரும் வரலப்பா. நான்தான் தொட்டியத் திறந்தேன். அடியில ஒரு குழாய் விரிஞ்சிருந்துச்சு. நான்தான் மாத்தினேன்."

அம்மாவின் கை நின்றது. அப்பா மகளின் கைகளைப் பார்த்தார். நகக்கண்களில் மணல் இருந்தது, முழங்கை வரை கீறல்கள். வெகுநேரம் பார்த்தார். அவள் கைகளை மறைக்கவில்லை.

"அவன் போன்ல சொல்லிக் குடுத்திருப்பான்" என்றார்.

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சாயங்காலம் அம்மா பால் கொண்டுபோனபோது அவர் அந்தப் பக்கமே பார்த்தபடி இருந்தார். மூச்சு மட்டும் இல்லை.

அண்ணன் வந்து அழுதான். உண்மையாகவே அழுதான். எல்லாம் முடிந்து திரும்பியவர்கள் குளத்தின் ஒரு பக்கமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். மெக்கானிக் கதையை அம்மா உறவுக்காரர்களிடமும் சொல்லியிருந்தாள். பெரியப்பா அண்ணனின் தோளில் கை வைத்து, "கடைசி நேரத்துல உங்கப்பன் மனசக் குளிர வச்சுட்டடா. தள்ளியிருந்தாலும் பிள்ளை பிள்ளைதான்" என்றார். அண்ணன் ஒரு கணம் தங்கையைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான். துக்க வீட்டில் பேசாமலிருந்தால் அதற்கு அடக்கம் என்று பெயர்.

கொஞ்ச நேரத்தில் மோட்டார் வறட்டுக் குரலில் இரைந்தது. என்னவென்று பாரடா என்றார் பெரியப்பா. அண்ணன் எழுந்து மோட்டார் அறைக்குள் போனான். அவளும் பின்னால் போனாள். அவன் கைப்பிடிகளையும் குழாய்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இதுல எதத் திருப்பணும்?" என்று மெல்லக் கேட்டான்.

"எதையும் திருப்ப வேணாம்."

அவனைத் தாண்டிக் கையை நீட்டி மோட்டாரை நிறுத்தினாள். அவன் வெளியே போய் நின்றுகொண்டான். அவள் குளத்தின் எதிர் மூலைக்குப் போய், தண்ணீர் மோட்டாருக்குப் போகும் வாயின் மூடியைத் திறந்து, குப்பை சேரும் கூடையைத் தூக்கினாள். யாரோ குடித்துவிட்டுப் போட்ட காகிதக் கப்புகள் நசுங்கி அடைத்திருந்தன. ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்தாள்.

"பாரு, அண்ணன் கூட நின்னாலே அவளுக்கு ஒரு தைரியம் வந்துடுது" என்று பெரியப்பா பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது அங்கே வரை கேட்டது.

கூடையை வைத்து மூடினாள். மோட்டாரை மறுபடி போட வேண்டும். நேர் வழியில் போனால் அவர்களைக் கடக்க வேண்டியிருக்கும். அவள் குளத்தின் நீண்ட பக்கமாகச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.