புல்லுக்கு அடியில்

கதிரைகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் ஓடினார்கள். முற்றத்துப் புல்லுக்குள்ளிருந்து ஸ்பிறிங்லர்கள் தலை நிமிர்த்தி, சுற்றிச் சுற்றித் தண்ணீர் வீசின. காலையில்தான் கட்டி முடித்த பந்தலின் வெள்ளைத் துணி நனைந்து வயிறு தள்ளித் தொங்கியது.

உள்ளே கணவனின் சவப்பெட்டிக்குத் தலைமாட்டில் இருந்த கிறேஸுக்கு அந்தச் சத்தம் கேட்டது. எமிலியானுஸ் வைத்த நேரத்துக்கு அது தானாகத் தொடங்கும், தானாக நிற்கும். நேற்று ஆஸ்பத்திரியில் அவர் கண்மூடியதற்குப் பிறகு அதை நிறுத்தி வைக்க ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

எமிலியானுஸின் தமையன் சந்தியோகு நனைந்த சட்டையோடு உள்ளே வந்தார்.

"கராச்சுக்குள்ள இருந்த சுவிச்சை நிப்பாட்டிப்போட்டன். ஒரு பக்கம் நிண்டிட்டுது. வாசல் பக்கம் நிக்குதில்லை."

"கரண்டை எடுத்துப் பாத்தனீங்களோ?"

"எடுத்தும் நிக்குதில்லை, பிள்ளை."

"அப்ப வால்வுக்குள்ள மண் போயிருக்கும்."

கட்டாரில் பெரிய வீடுகளின் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர் எமிலியானுஸ். ஊருக்கு வந்த பிறகும் சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் குழாயும் வயருமாகவே பேசுவார். வேண்டாவெறுப்பாகக் கேட்டதில் கொஞ்சம் அவளிடமும் தங்கியிருந்தது.

"அந்த வால்வு எங்க கிடக்கெண்டு ஆருக்குத் தெரியும்?" என்றார் சந்தியோகு. "தண்ணித் தாங்கியைப் பூட்டிவிடவோ?"

"பூட்டினா வீட்டுக்கும் தண்ணி வராது அத்தான். ஊரே வரப்போகுது. குசினிக்கு, கக்கூசுக்கு என்ன செய்யிறது?"

"அப்ப கிண்டத்தான் வேணும். ஒரு கரையிலயிருந்து கிண்டிக்கொண்டு போனா எங்கயாவது அம்பிடும்."

கிறேஸ் எழுந்தாள். பக்கத்தில் அழுதுகொண்டிருந்த மகள் பெற்றிசியா அவளுடைய சீலைத் தலைப்பைப் பிடித்தாள்.

"எங்கயம்மா போறீங்கள்? இருங்கோ."

"வாறன். நீ அப்பாவோட இரு."

வாசலில் ஒருவன் மண்வெட்டியை ஓங்கியபடி நின்றான். கிறேஸ் கையை உயர்த்தினாள். "புல்லில ஒருதரும் மண்வெட்டி போடவேண்டாம்."

தாழ்வுபாட்டுக் கடற்கரை மணலில் புல் வளர்க்கப்போகிறேன் என்று எமிலியானுஸ் சொன்னபோது ஊரே சிரித்தது. கட்டுக்கரைக் குளத்துப் பக்கமிருந்து உழவு இயந்திரத்தில் மண் வந்து இறங்க இறங்கச் சிரிப்பும் கூடியது. எல்லாரையும் விட அதிகம் சண்டை பிடித்தவள் கிறேஸ்தான். "மாடில்லை, ஆடில்லை, ஆருக்கு இந்தப் புல்லு?" என்று கேட்பாள். "பாக்கிறதுக்கு" என்பார் அவர். கிண்டி எறிந்துவிட்டுக் கத்தரி நடப்போகிறேன் என்று நல்ல நாள் பெருநாளிலும் சொல்லியிருக்கிறாள்.

"நீதானே கிண்டி எறியச் சொல்லிக்கொண்டிருந்தனீ" என்றார் சந்தியோகு.

"அது நானும் அவரும் கதைச்ச கதை அத்தான்."

பந்தலடியில் ஜவாஹிர் கதிரைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். அடுத்த தெருக்காரன், டெலிபோன் கேபிள் பதிக்கிற வேலை. எமிலியானுஸோடு பின்னேரங்களில் இந்தப் புல்லோரம் இருந்து கதைத்தவன்.

"தம்பி, நிலத்துக்குள்ள வயர் தேடுற சாமான் றோட்டில நிக்கிற உன்ர வானுக்குள்ள கிடக்கோ?"

"கிடக்குது அக்கா. எடுத்துக்கொண்டு வாறன்."

கராச்சுக்குள் வாசல் பக்கத்துக்குப் போகிற வயரைக் கழற்றி, சின்னப் பெட்டி ஒன்றை அதில் கொளுவினான். பெட்டியின் மற்ற வயரை ஓர் இரும்புக் கம்பியில் கட்டி ஈர மண்ணில் இறக்கினான். பிறகு கைப்பிடி வைத்த கோல் ஒன்றைக் காட்டினான்.

"வயருக்கு மேல வந்தா இது கத்தும். விலகினாச் சத்தம் குறையும். வயர் போய் முடியிற இடத்திலதான் வால்வு இருக்கும்."

அவன் நிமிர்வதற்குள் கிறேஸ் கோலை வாங்கிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டாள்.

தண்ணீர் அவள் தலையில் விழுந்து வெள்ளைச் சீலை உடம்போடு ஒட்டியது. யன்னலோரம் ஒரு பெண் குரல், "மனுசன் பெட்டிக்குள்ள கிடக்க இவள் புல்லுக்குள்ள நடக்கிறாள்" என்றது. கிறேஸ் திரும்பவில்லை. கோலின் சத்தத்துக்கே காதைக் கொடுத்தாள். ஓரிடத்தில் சத்தம் அறுந்தது. பின்வாங்கிப் பிடித்துக்கொண்டாள். முற்றத்து நடுவில்தான் வால்வு இருக்கும் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். சத்தமோ சுவரோரமாகப் போய், வீட்டு மூலையில் திரும்பி, பின் வளவுக்குள் இறங்கியது. முருங்கை நிழலில் கிடந்த உடுப்புத் தோய்க்கிற கல்லடியில் கோல் உச்சத்தில் கத்தியது. கல்லுக்கு அங்கால் ஒரு சத்தமும் இல்லை.

சந்தியோகு தலையைச் சொறிந்தார். "வால்வுக்கு மேல கல்லு வைக்க அவனென்ன விசரனே?"

கிறேஸ் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எமிலியானுஸ் ஒரு கலியாணத்துக்கு இலுப்பைக்கடவை போயிருந்த அன்று, ஆட்களைப் பிடித்து அவள் உருட்டி வைப்பித்த கல். புல்லிடமிருந்து அந்தத் துண்டு நிலத்தையாவது பறித்துவிட வேண்டும் என்ற வைராக்கியம். பின்னேரம் திரும்பி வந்தவர் கல்லின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். "நல்ல இடம்தான். வெயில் படாது" என்றுவிட்டுக் கால் கழுவப் போனார். தான் வென்றுவிட்டதாக அன்றைக்கு அவள் நினைத்தாள். அதற்குப் பிறகு அந்த வால்வை அவர் திறந்து துப்புரவாக்கியிருக்கவே முடியாது. தன் சட்டைகளை அவள் தினமும் அந்தக் கல்லில் அடித்துத் தோய்ப்பதைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

"நான்தான் வைப்பிச்சனான்" என்றாள். "தூக்குங்கோ அத்தான்."

அலவாங்கு போட்டு நெம்பிக் கல்லைப் புரட்டினார்கள். கீழே இறுகிய மண்ணுக்குள் ஒரு பச்சை மூடி வெடித்துக் கிடந்தது. ஜவாஹிர் குனிய வந்தான். "விடு தம்பி" என்று கிறேஸ் முழந்தாளிட்டாள். இரண்டு கையாலும் மண்ணை வாரி எறிந்தாள். வால்வின் தலையிலிருந்த திருகு அசைய மறுத்தது. சீலைத் தலைப்பைச் சுற்றிப் பிடித்து மூச்சையடக்கித் திருகினாள். கொஞ்சம் கொஞ்சமாக அது இறங்கியது.

முன் முற்றத்தில் இரைச்சல் தணிந்து, சீறி, நின்றது.

"குசினிக்குள்ள தண்ணி வருகுதோ?" என்று கிறேஸ் கேட்டாள்.

"வருகுது" என்று உள்ளேயிருந்து யாரோ சொன்னார்கள்.

"கல்லைத் திருப்பி வைக்கவோ?" என்றார் சந்தியோகு.

"வேண்டாம். அங்கால, மதிலோரமா வையுங்கோ."

உள்ளே வந்தவளைப் பார்த்ததும் பெற்றிசியா எழுந்தாள். "சீலையை மாத்துங்கோவன் அம்மா. ஃபாதர் வரப்போறார்."

"மாத்துவம்" என்றாள் கிறேஸ். மாற்றவில்லை. தலைமாட்டில் இருந்து, எமிலியானுஸின் கோட்டுக் கழுத்தில் மடிந்திருந்த ஓரத்தைச் சரிசெய்தாள். அவளுடைய விரல்மண் அதில் கொஞ்சம் பட்டது. அவள் துடைக்கவில்லை. விட்ட இடத்திலிருந்து செபமாலை தொடர்ந்தது.

பின்னேரம் பெட்டியைத் தூக்கினார்கள். வாசலிலிருந்து படலைக்குப் போட்டிருந்த சீமெந்துப் பாதை ஒடுக்கம். பெட்டிக்கு இரண்டு பக்கமும் ஆள் நிற்க இடம் காணாது. முன்னால் பிடித்திருந்த சந்தியோகு தயங்கிக் கிறேஸைப் பார்த்தார்.

"புல்லுக்கு மேலால போங்கோ" என்றாள்.

போனார்கள். கோயில் மணி கேட்கத் தொடங்கியது. சனம் முழுவதும் றோட்டில் இறங்கிய பிறகு, கடைசியாகப் படலையைச் சாத்த வந்த கிறேஸ் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஊறிய புல்லில் காலடிகள் ஆழமாகப் பதிந்து, படலைவரை வந்திருந்தன. ஒவ்வொன்றிலும் தண்ணீர் மெல்ல ஊறி நிறைந்துகொண்டிருந்தது.