ஐம்பத்தெட்டில் ஒன்று

தேர்தலில் தோற்றுப்போன பதினாறாம் நாள் மரினால்வா பந்தோஜா மாநிலத் தலைநகரான பெலேமின் துறையில் படகேறினாள். பன்னிரண்டு வருஷம் மாநிலச் சட்டமன்றத்தில் உட்கார்ந்திருந்தவள். முன்னெல்லாம் அவள் அந்தத் துறையில் கால் வைத்தால் பெட்டியை வாங்க நாலு பேர் ஓடி வருவார்கள். அன்றைக்கு ஒருவரும் வரவில்லை. தானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேல்தட்டுக்குப் போய், மற்றவர்களைப் போலவே இரண்டு கம்பங்களுக்கு நடுவே தன் தூளியைக் கட்டி, அதற்குள் சுருண்டு படுத்தாள்.

கைப்பையில் ஒரு காகிதம் இருந்தது. சாந்த்தா கிதேரியா வாக்குச்சாவடியின் முடிவுத்தாள். மொத்த ஓட்டு ஐம்பத்தெட்டு. அவள் பெயருக்கு நேரே ஒன்று.

படகு கரையை விட்டு விலக விலக, ஆறு அகலமாகி, எது ஆறு எது வானம் என்று தெரியாமல் போயிற்று. மழைக்கு முந்தின வெளிச்சம் எங்கும் ஒரே சாம்பல் நிறமாகப் பரவியிருந்தது. தூளி ஆட ஆட, வருஷங்களும் ஒன்றோடொன்று கலந்து அவளுக்குள் ஆடின.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டில் முதல் தடவை தேர்தலில் நின்றாள். அப்போது அவள் அந்த ஆற்றோர ஊர்களின் நர்ஸ். ஒன்பது வருஷமாகத் துடுப்புப் படகில் போய் ஊசி போட்டு, பிரசவம் பார்த்து, சாந்த்தா கிதேரியாவிலேயே குடியிருந்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அப்போது ஓட்டு இல்லை; ஊரில் ஓட்டு இருந்தது பதினோரு பேருக்கு. பத்து பேர் அவளுக்குப் போட்டார்கள், ஒருவர் மாற்றிப் போட்டார். மாநிலம் முழுக்கச் சேர்ந்தது ஆயிரத்து நூற்று நாலு. ஜாமீன் கேட்காத தேர்தல் என்பதால் மானம் மட்டும் போனது என்று சிரித்துக்கொண்டே திரும்பி வந்து மருந்துப் பெட்டியைத் திறந்தாள்.

எண்பத்தாறில் ஜெயித்தாள். தொண்ணூறிலும், தொண்ணூற்று நாலிலும் ஜெயித்தாள். மூன்று தடவையும் ஊர் முழுக்க அவளுக்குப் போட்டது, அந்த ஒரே ஒரு ஓட்டைத் தவிர. அந்த எதிர் ஓட்டு யாருடையது என்று அவளுக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். அசாயிப் பனை ஏறிப் பழம் பறிக்கும் ஒரிவால்டு. மனைவியை இழந்தவர், அதிகம் பேசாதவர். “நான் எதிராத்தான் போட்டேன்” என்று கேட்காமலே சொல்லிவிடுவார்.

இப்போது தொண்ணூற்றெட்டு. நாற்பத்தோரு ஓட்டில் தோல்வி. ஓட்டு வரிசைப்படி கட்சிக்குக் கிடைத்த இடங்களில் கடைசி இடம் ஓர் எருமைப் பண்ணைக்காரருக்குப் போக, அவள் அவருக்கு அடுத்த ஆளாக வெளியே நின்றாள். சாந்த்தா கிதேரியா பழையபடி போட்டிருந்தால் அந்த இடம் அவளுடையதாகியிருக்கும். கேட்டுவிட வேண்டும். மூஞ்சிக்கு நேராக, ஏன் என்று கேட்டுவிட வேண்டும்.

மறுநாள் காலை, ஏற்றநீரோடு படகு சிற்றாற்றுக்குள் நுழைந்தது. மூடுபனிக்குள்ளிருந்து தண்ணீருக்கு மேல் மரக்கால்களில் நின்ற வீடுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. படித்துறைப் பலகையில் ஜசிரா நின்றிருந்தாள். அவளுடைய மூத்த மகளுக்கு மரினால்வா ஞானத்தாய். அதனால் இருவரும் ஒருவரையொருவர் ‘கொமாத்ரி’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

“வந்துட்டீங்களா கொமாத்ரி? உங்க பழைய வீட்டைக் கூட்டித் துடைச்சு வச்சிருக்கேன். கூரையில ஒரு இடம் ஒழுகும், பார்த்துப் படுத்துக்குங்க.”

மரினால்வா பலகையில் கால் வைத்தபடி அப்படியே நின்றாள். “நான் வர்றேன்னு உங்களுக்கு யாரு சொன்னது?”

“யாரு சொல்லணும்? தோத்துட்டீங்கல்ல, அப்ப வந்துதானே ஆகணும்! போன தடவை தோத்தப்பவும் வந்தீங்களே.”

“ஐம்பத்தெட்டுல ஒண்ணு, கொமாத்ரி. ஒண்ணே ஒண்ணு! நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினேன்?”

ஜசிரா பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நேராக அவளைச் சுகாதார நிலையத்துக்குத்தான் கூட்டிப்போனாள். மரினால்வா சபையில் கொண்டுவந்த சட்டத்தால் எழுந்த கட்டடம் அது. அதைப் போல ஆற்றோரம் பதினாறு ஊர்களில் எழுந்திருந்தன. வாசலில் அவள் பெயர் பொறித்த பித்தளைத் தகடு பளபளத்தது. யாரோ தவறாமல் துடைத்து வருகிறார்கள் போலும். உள்ளே மரவள்ளி மாவு மூட்டைகள் அடுக்கியிருந்தன. பரிசோதனை மேஜை மீது ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

“ரெண்டு நர்ஸ் வந்தாங்க” என்றாள் ஜசிரா. “ஒருத்தி ஒம்பது நாள் இருந்தா. இன்னொருத்தி கொசுவைப் பார்த்துட்டு வந்த படகிலேயே திரும்பிட்டா. அப்புறம் யாரும் வரல. மாவு நனையாம இருக்குதேன்னு இங்க வச்சுக்கிட்டோம். உங்க பேர்த் தகட்டை மட்டும் நான் துடைச்சு வச்சுடுவேன்.”

“இதை எனக்குச் சொல்லியிருக்கலாமே!”

“சொன்னோமே. பிரச்சாரத்துக்கு வந்தப்ப சொன்னோம். நீங்க நோட்டுல எழுதிக்கிட்டீங்க. அதுக்கு முந்தின தடவையும் எழுதிக்கிட்டீங்க.” ஜசிரா கோழியை மெல்லத் தடவிக் கொடுத்தாள். “அப்புறம் கோயில்ல உட்கார்ந்து பேசினோம். நீங்க ஜெயிச்சா சட்டம் வரும், தோத்தா நீங்க வருவீங்க. எங்களுக்கு எது வேணும்னு பேசினோம். மனசு கேக்கல. ஆனாலும் எதிராப் போட்டோம்.”

இந்த ஊரை மரினால்வா எத்தனை மேடையில் தன் ஊர் என்று சொல்லியிருக்கிறாள்! அத்தனை பேரும் ஒன்றாக உட்கார்ந்து, காபி குடித்துக்கொண்டே தன்னைக் கவிழ்த்திருக்கிறார்கள். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அடுத்த படகிலேயே போய்விடுவேன் என்றாள்.

அடுத்த படகுக்கு மூன்று நாள் இருந்தது.

முதல் நாள் அவள் கதவைத் திறக்கவில்லை. இரண்டாம் நாள் விடியற்காலை, காலில் திருக்கை மீன் குத்திய ஒருவரைக் கொண்டுவந்து படியில் உட்கார வைத்தார்கள். யாரும் கதவைத் தட்டவில்லை. அவர் முனகுவது மட்டும் கேட்டது. அவள் எழுந்து வெந்நீர் வைத்தாள். அவருக்குப் பின்னால் சீழ் பிடித்த காதோடு ஒரு பெண் நின்றாள், அவளுக்குப் பின்னால் ஏழு மாத வயிற்றோடு இன்னொருத்தி. மூன்றாம் நாள் படகு வந்து சங்கு ஊதியபோது மரினால்வா யாருக்கோ நாடி பிடித்து எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணிக்கை தவறிவிடுமே என்று தலையைத் தூக்கவில்லை. படகு காத்திருந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

கோபம் போகவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு உட்கார நேரமில்லை. நாட்கள் நீரேற்றமும் நீரிறக்கமுமாகப் போய்க்கொண்டிருந்தன. பகல் இரண்டு மணிக்கு மழை வரும், நின்றதும் காடு முழுக்க ஆவி பறக்கும். அந்த ஆவிக்குள் அவள் படகு மிதந்து போகும்போது, சபையில் பேசிய பேச்சுகள் எல்லாம் வேறு யாரோ பேசியதைப் போல அவள் காதில் ஒலித்து மறையும். ஜசிராவின் மூத்த மகள் எலீனி துடுப்புப் போடுவாள். இருபத்திரண்டு வயது, இரண்டு பிள்ளைக்குத் தாய். காயத்தைக் கண்டு முகம் சுளிக்காதவள். ஊசி போடக் கேட்டாள், கற்றுக்கொண்டாள்.

அந்த ஒற்றை ஓட்டைப் பற்றி மரினால்வா மறு வருஷம் மார்ச் மாதத்தில்தான் கேட்டாள். ஒரிவால்டு ஒரு கூடை அசாயிப் பழம் கொண்டுவந்து வாசலில் இறக்கினார்.

“அந்த ஒண்ணு யாருடையது? ஜசிராவோடதா?”

“என்னோடது” என்றார்.

“உங்களுதா? நாலு தடவை எனக்கு எதிரா போட்டவராச்சே நீங்க!”

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் உருட்டினார். “எதிரான்னு இல்ல டோனா மரினால்வா. நீங்க ஜெயிச்சா போயிடுவீங்க. போக வேணாம்னு தோணுச்சு. நாலு தடவையும் அப்படித்தான் தோணுச்சு. இந்தத் தடவை ஊரே அப்படி நினைச்சுடுச்சு. சரி, வேலை முடிஞ்சதுன்னு நினைச்சேன். ஆனா அந்தத் தாளை நீங்க கையில பிடிச்சிருக்கற மாதிரி கண்ணுல வந்துச்சு. பூஜ்யம்னு இருந்தா உங்களுக்கு எப்படி இருக்கும்? அதான் போட்டேன்.”

அவள் கூடையைத் தூக்கி உள்ளே வைத்தாள். பிறகு, “உட்காருங்க. பழத்தைப் பிசைஞ்சு தர்றேன், குடிச்சுட்டுப் போங்க” என்றாள். அதற்கப்புறம் அவர் தினமும் வந்தார். பேச்சு குறைவுதான். மழை வருவதைப் பார்த்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருப்பார்கள்.

இரண்டாயிரத்து ஒன்று ஜனவரியில் கட்சிக்காரர் வால்மீர் விசைப்படகில் வந்து இறங்கினார். சட்டையெல்லாம் தண்ணீர். படிகூட ஏறாமல் கத்தினார்: “தோழர், உங்க இடம் வந்துடுச்சு! எருமைக்காரர் அவர் ஊருக்கு மேயராயிட்டார், சபையிலிருந்து விலகிட்டார். ஓட்டு வரிசையில அடுத்தது நீங்கதான். பிப்ரவரி ஒண்ணாம் தேதி பதவியேற்பு. கிளம்புங்க!”

“யோசிக்கணும்.”

“இதுல யோசிக்க என்ன இருக்கு? ரெண்டு வருஷம் மிச்சமிருக்கு. சும்மா விட்டா அந்த இடத்துக்கு நம்ம ஆளுங்க அடிச்சுக்கிட்டுச் சாவாங்க.”

அவள் அவருக்குச் சாப்பாடு போடச் சொல்லிவிட்டுத் தூளியில் படுத்தாள். மழைச் சத்தத்தில் கண் சொக்கியது. கனவில் சபை நடந்துகொண்டிருந்தது. தண்ணீர் நாற்காலி உயரத்துக்கு ஏறியிருந்தது. உறுப்பினர்கள் மேஜைகளைப் பிடித்துக்கொண்டு அமைதியாக மிதந்துகொண்டிருந்தார்கள், யாருக்கும் அவசரமில்லை. அவள் ஒலிபெருக்கி முன் நின்று தன் சட்டத்தை வரிவரியாகப் படித்தாள். சுவர் எத்தனை அடி, கூரைக்கு எந்த ஓடு, ஜன்னல் எத்தனை... படித்துக்கொண்டே போனாள். மனிதர்களைப் பற்றி ஒரு வரி வரும் என்று தேடித் தேடிப் படித்தாள். காகிதம்தான் முடிந்தது, அந்த வரி வரவேயில்லை.

விழித்தபோது மழை விட்டிருந்தது. வாசலில் ஜசிராவும் பத்துப் பதினைந்து பேரும் நின்றார்கள். வால்மீர் எல்லாரிடமும் சொல்லிவிட்டிருக்கிறார்.

“போறீங்களா கொமாத்ரி?”

“போறேன்” என்றாள் மரினால்வா. தன் குரலில் தயக்கம் இல்லாதது அவளுக்கே வியப்பாக இருந்தது. “பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அங்க போக ஆசை. அந்த நாற்காலி எனக்குப் பிடிக்கும். அதோட, நான் செஞ்ச தப்பை அங்க உட்கார்ந்துதான் திருத்த முடியும். பதினாறு கட்டடத்துல கோழி குடியிருக்கு.”

“அப்ப எங்களுக்கு?”

“எலீனி இருக்கா. காது, காயம், காய்ச்சல் எல்லாம் பார்ப்பா. பிரசவமும் பார்த்துட்டா. அவளுக்கு இல்லாதது ஒரு அரசாங்கக் காகிதம்தான். அதைக் கொடுக்கற சட்டத்தை எழுதத்தான் போறேன்.”

கூட்டத்திலிருந்து எலீனி தலையைக் குனிந்துகொண்டு, “சிரமமான கேஸ் வந்தா ரேடியோவுல கூப்பிடுவேன் ஞானம்மா, சபையில இருந்தாலும் எழுந்து வரணும்” என்றாள்.

“எழுந்து வர்றேன்.”

அவள் இரண்டு தடவை அப்படி எழுந்து வந்ததாகச் சபைக் குறிப்பில் இருக்கிறது. உறுப்பினர் பந்தோஜா அவசரமாக வெளியேறினார் என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள்.

திருத்தச் சட்டத்துக்குப் பதினெட்டு மாதம் பிடித்தது. ஆற்றோர ஊர்களில் பிறந்து வளர்ந்தவர்களையே தேர்ந்தெடுத்து, அவர்கள் ஊரிலேயே வைத்துப் பயிற்சி கொடுத்து, அங்கேயே வேலையில் அமர்த்த வேண்டும் என்பதுதான் அதன் சாரம். இரண்டு தடவை சபைக் குழுவிலேயே அமுக்கினார்கள். மூன்றாம் தடவை, ஆகஸ்டில், வாக்கெடுப்புக்கு வந்தது. இருபத்து மூன்றுக்குப் பதினைந்து என்று நிறைவேறியது. அக்டோபர் தேர்தலில் அவள் நிற்கப்போவதில்லை என்று அன்று காலையிலேயே கட்சிக்கு எழுதிக் கொடுத்திருந்தாள்.

பார்வையாளர் மாடத்தை நிமிர்ந்து பார்த்தாள். ஒரிவால்டு வாழ்க்கையில் முதல் தடவையாகத் தலைநகருக்கு வந்திருந்தார். புதுச் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

போய்த் தோளைத் தொட்டு எழுப்பினாள். “முடிஞ்சிடுச்சு, வாங்க.”

“ஜெயிச்சீங்களா?”

“ஜெயிச்சாச்சு.”

“அப்ப போயிடுவீங்களா?” தூக்கக் கலக்கத்தில் கேட்டுவிட்டு, எங்கே இருக்கிறோம் என்று ஞாபகம் வந்ததும் தானே சிரித்துவிட்டார்.

வெளியே மணி இரண்டாகியிருந்தது. பெலேம் தெருக்களில் மழை இறங்கிக்கொண்டிருந்தது. மாமரங்களுக்கு அடியில் ஜனங்கள் ஒதுங்கி நின்றார்கள். அவர்கள் இருவரும் ஒதுங்கவில்லை. ஆற்றோரம் வாழ்ந்தவர்களுக்கு இது மழையே இல்லை. அவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊருக்குப் படகேறும் துறை எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியவில்லை. அவள்தான் கூட்டிக்கொண்டு போனாள்.